செப்புக் குடத்துத் தண்ணீர்

1

டெலிபோனில் ஒருத்தி கேட்ட கேள்விக்கு ஒரு பொய்யைச் சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கதை. நான் ரோசம்மாள். திருச்சியில் ஒரு டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். எழுத்தாளர் இல்லை, வாசகரே. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: "1963, ஆவணி. காவிரியின் மேல் நிலா..." (அடித்துவிட்டேன். காலை பதினோரு மணிக்கு ஏது நிலா?)

இரண்டாவது: கமர் ஜஹான் வந்தாள். வயது இருபது. ஸ்ரீரங்கம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் டாக்டர் சான்று கொடுக்க வேண்டும். இது இருக்கட்டும்.

2

அவள் ரத்தத்தில் இரும்பு குறைவு. மாத்திரை போட்டால் சரியாகிவிடும். ஆனால் எங்கள் டாக்டர் நல்லதம்பி சும்மா இருப்பவரா? இரும்பு குறைந்தால் செம்பு கூடும் என்று எங்கோ படித்துவிட்டு, சோகை பிடித்தவர்களுக்கெல்லாம் செம்பையும் பார்க்கச் சொல்வார். (ரத்தத்தில் செம்பா என்று கேட்காதீர்கள். துளியூண்டு எல்லோருக்கும் உண்டு.) சோதனைக் குழாயில் ரத்தத்தோடு மருந்து விட்டால், செம்பு இருக்கிற அளவுக்கு மஞ்சள் ஏறும். கமருக்குத் தேன் நிறமே வந்தது.

"நாலு மடங்கு இருக்கு. ஈரல்ல ஏதோ கோளாறு. சான்று எழுத முடியாதும்மா" என்றார் டாக்டர்.

கமர் என்னிடம் வந்தாள். "ரோசக்கா, எங்க அத்தாவ சம்மதிக்க வைக்கவே ஆறு மாசம் ஆச்சு. திங்கக்கிழமைய விட்டா வேற ஆளப் போட்டுடுவாங்க. இன்னொரு தடவ பாருங்களேன்."

3

இங்கே ஒரு வில்லன் வேண்டும். முதல் பிரதியில் குழாய் கழுவும் நல்லுசாமி மேல் பழியைப் போட்டேன். பாவம், அவர் அந்த வாரம் லீவு. அடுத்த பிரதியில் ஒரு எலி வந்து... சரி, நான்தான்.

குழாய் அலசவும் மருந்து கரைக்கவும் காய்ச்சி வடித்த தண்ணீர் வைத்திருப்போம். முந்தின நாள் அந்தக் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டேன். நல்ல தண்ணீரை எதில் வைப்பது? உறையூரில் எங்கள் வீட்டில் செப்புக் குடத்தில்தான். என் கல்யாணச் சீர்க் குடத்தைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து, அதில் ஊற்றி வைத்தேன். பெருமை வேறு. முதல் போணி கமர்.

சாயங்காலம் சந்தேகம் தட்டி, ரத்தமே இல்லாமல் வெறும் தண்ணீரில் மருந்தை விட்டுப் பார்த்தேன். அதுவும் தேன் நிறம். குடத்துச் செம்புதான் தண்ணீரில் இறங்கியிருந்தது.

4

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் வேலை. (நேரே போய்ச் சொன்னதாக எழுதியிருந்தேன். உண்மையில் டாக்டர் அறை வாசல்வரை மூன்று முறை போய்த் திரும்பினேன்.)

நாலாவது முறை சொல்லிவிட்டேன். டாக்டர் குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். "கொடத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா. நாளைக்குப் புது ஜாடி வாங்கி, மறுபடி பாரு."

மறுநாள் கமருக்கு இளமஞ்சள்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். இரும்புக் குறைவுக்கு ஏற்ற அளவு. தான் படித்தது சரி என்று டாக்டருக்கு ஒரே குஷி. மாத்திரையும் எழுதினார், சான்றும் எழுதினார். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

5

மூன்று மாதத்தில் அவளுக்கு இரும்பு ஏறியது, செம்பு இறங்கியது. நேற்று டெலிபோன் மணி அடித்தது.

"எக்ஸ்சேஞ்ச்லேருந்து கமர் பேசறேன்க்கா. அன்னிக்கு ஒரே நாள்ல எனக்குச் செம்பு எப்படி எறங்குச்சு? நீங்க ஏதோ கைமருந்து குடுத்தீங்கன்னு எங்கம்மா தெருவெல்லாம் சொல்லிட்டிருக்காங்க."

"லைன் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பவளிடமே.

வாசகரே என்று நான் கூப்பிட்டதெல்லாம் உன்னைத்தான், கமர். கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீ சிரித்தாயா, திட்டினாயா என்று அதில் எழுதி அனுப்பு. டெலிபோன் மட்டும் செய்யாதே, லைன் சரியில்லை.