மூன்று மாதச் சாவி

எங்கள் நிறுவனத்தை நான்காவது முறையாக விற்றபோது, "உனக்கு ஒரு கல்யாணந்தான் ஆச்சு, உன் கம்பெனிக்கு இது நாலாவது" என்றார் என் கணவர். அவரும் அங்கே வேலை பார்த்தவர்தான். மூன்றாவது கல்யாணத்தில் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடங்களாகச் சமையலும் மகளின் வீட்டுப்பாடமும் அவர் பொறுப்பு. வீட்டுக்குச் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும்.

என் வேலை சாவி கொடுப்பது. பெரிய நிறுவனங்களின் மெயின்ஃப்ரேம் கணினியில் எந்த வேலை முடிந்ததும் எந்த வேலை தொடங்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள் எங்களுடையது. அது ஓடப் பதினாறு எழுத்துச் சாவி ஒன்று வேண்டும். கணினியின் எண்ணையும் ஒரு தேதியையும் நான் தட்டினால் சாவி வரும். தேதி கடந்துவிட்டால் மென்பொருள் சத்தமெல்லாம் போடாது. அடுத்த வேலையைத் தொடங்காது, அவ்வளவுதான்.

பதினோரு வருடமாக ஒரு மருத்துவமனைக்கும் சாவி கொடுத்துவந்தேன். அங்கே கணினி அறையைப் பார்த்துக்கொண்டவரின் முகம் எனக்குத் தெரியாது, குரல்தான் தெரியும். நான் நான்கு நான்கு எழுத்தாகச் சொல்வேன். அவர் எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்வார், நடுவில் இருமுவார். என்னைத் தங்கச்சி என்பார். ஒப்பந்தம் புதுப்பிக்கத் தாமதமானால் மூன்று மாதத்துக்குத் தற்காலிகச் சாவி ஒன்றை நானே போட்டுத் தருவேன். விதியில் இல்லாத வழக்கம். முந்தைய முதலாளிகள் எல்லாரும் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள்.

இந்த முறையும் அவர் முன்கூட்டியே கூப்பிட்டார்.

"மாசக் கடைசியோட சாவி முடியுது தங்கச்சி. உங்க புது ஆளுங்க விலைய எங்கயோ கொண்டுபோய் வெச்சிருக்காங்க. நேரா டைரக்டர் ரூம்ல போய் உக்காந்து கையெழுத்து வாங்கிட்டு வரட்டுமா?"

"நீங்க எதுக்குண்ணே அவர்கிட்டப் போய்த் திட்டு வாங்கணும்? மூணு மாசச் சாவி நான் தர்றேன். பெரியவங்க மெதுவாப் பேசி முடிக்கட்டும்."

"நீ சொன்னாச் சரி. நான் நிம்மதியா இருப்பேன்."

அடுத்த வாரம், எங்களை வாங்கிய நிறுவனத்திலிருந்து ஒரு மேலாளர் வந்தார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். உட்காரும் முன் மேசையைக் காகிதக் கைக்குட்டையால் துடைப்பார்.

"தற்காலிகச் சாவி இனிமே கிடையாது" என்றார் கூட்டத்தில். "யார் எந்தச் சாவி போட்டாலும் எனக்குத் தெரியும். பழைய வழக்கம்னு யாரும் வந்து நிக்காதீங்க."

"வந்து ரெண்டு நாள் ஆகல, அதுக்குள்ள வீட்டுச் சாவிய இடுப்புல சொருகிட்டாரே" என்று என் காதில் சொன்னான் பக்கத்து இருக்கைக்காரன். வாய் ஓயாததால் அவனுக்குப் பெயர் ரேடியோ.

மறுநாள் காலை ஒரு காகித ஆலை கெஞ்சிக் கேட்டதால் ரேடியோ பத்து நாள் சாவி ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். பிறகு டீ குடிக்கக் கீழே போனான். திரும்பி வந்தபோது அவன் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று விரலால் தட்டினான். உதடுகள் அசைந்தன, குரல் கேட்கவில்லை. "யாரும் திறக்க வேண்டாம்" என்றார் மாப்பிள்ளை. அவனுடைய பையும் சாப்பாட்டு டப்பாவும் லிஃப்டில் தனியாக இறங்கிப் போயின.

அன்றே நான் மருத்துவமனை அண்ணனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளி வைத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்குள் ஒப்பந்தம் தானாகவே கையெழுத்தாகிவிடும், நான் வாக்கு மாறியதாக ஆகாது என்று ஒரு நப்பாசை.

கணவரிடம் சொன்னேன். அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கே சொல்லிடு. பாவம் அந்த மனுஷன்." நறுக்கியதைப் பாத்திரத்தில் தள்ளினார். "சாவி மட்டும் போட்டுடாத."

கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு அவரே அழைத்தார்.

"பேனா எடுத்துட்டேன். சொல்லு தங்கச்சி."

"அண்ணே, இப்பத் தர முடியாதுண்ணே. விதிய மாத்திட்டாங்க."

இருமல் கேட்டது.

"எப்ப மாத்துனாங்க?"

"பத்து நாளாச்சு."

"பத்து நாளா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, சரியாக எழுதிக்கொண்டோமா என்று பார்ப்பது போலக் கேட்டார். "டைரக்டர் ஊர்ல இல்லம்மா. ராத்திரி பன்னெண்டோட நின்னுடும். காலைல எல்லா வார்டுக்கும் மருந்துப் பட்டியல் அச்சாகணும். ஒரு வாரத்துக்குப் போட்டுக் குடு. ஒரே ஒரு நாளைக்காவது."

அவருடைய கணினியின் எண் எனக்கு மனப்பாடம். விரல்கள் அதைத் தட்டியே விட்டிருந்தன. தேதிக் கட்டம் மட்டும் காலி. இரண்டு மேசை தள்ளி மாப்பிள்ளை எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரேடியோவின் நாற்காலியை யாரோ ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தார்கள். தட்டிய எண்ணை அழித்தேன்.

"முடியாதுண்ணே. விற்பனைப் பிரிவுக்கு எழுதுங்க."

"சரிங்க மேடம்" என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மூன்று நாள் கழித்து மருத்துவமனை புது விலைக்கே கையெழுத்துப் போட்டது. அந்த மூன்று நாளும் மருந்துப் பட்டியலைக் கையால் எழுதினார்கள் என்று அவர்கள் அனுப்பிய புகாரில் ஒரு வரி இருந்தது. எழுதியதில் பிழை ஏதாவது நேர்ந்ததா என்று அதில் இல்லை. நானும் கேட்கவில்லை. "உறுதியா ஒரு தடவை முடியாதுன்னா போதும், கையெழுத்து வந்துடுது பாருங்க" என்று கூட்டத்தில் மாப்பிள்ளை என்னைப் பாராட்டினார். வேலையில் தொடர்பவர்களின் பட்டியலில் நான் இருந்தேன். அன்று வீட்டில் பாயசம் வைத்தார் என் கணவர்.

ஒரு மாதம் பொறுத்து மருத்துவமனையின் கணினி அறைக்கு அழைத்து அண்ணனைக் கேட்டேன். எடுத்தது ஓர் இளம் குரல்.

"அவரா? அவர அனுப்பிட்டாங்களே. சாவி முடியுறது தெரிஞ்சும் மேல எழுதிக் குடுக்காம விட்டுட்டாராம். யாரோ தர்றேன்னு சொன்னாங்கன்னாரு. யாருன்னு எவ்வளவோ கேட்டுப் பாத்தாங்க, பேரச் சொல்ல மாட்டேன்னுட்டாரு. ஆமா, நீங்க யாரு?"

நிறுவனத்தின் புதுப் பெயரைச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. அடுத்த சாவிக்கு நான் யாரக் கேக்கணும் மேடம்?"

"விற்பனைப் பிரிவுக்கு எழுதுங்க. ரெண்டு மாசம் முன்னாடியே எழுதிடுங்க."

"அவசரம்னா உங்களக் கூப்பிடலாமா?"

"கூப்பிடாதீங்க" என்றேன்.