அங்கப்பன் வீட்டுக் காதணி விழா

கிரைண்டர் கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவுக்கு மேனேஜராக இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மாவு பொங்காவிட்டாலும் கிரைண்டர்தான் காரணம், மாமியார் கோபித்துக்கொண்டாலும் கிரைண்டர்தான் காரணம். இத்தனையையும் நாலு வருஷமாக ஒரு நாள்கூட லீவு போடாமல் கேட்டுக்கொண்டிருந்தார் மதுக்கரை அங்கப்பன். கேட்டுக் கேட்டு மனுஷன் ஓய்ந்தே போனார். உக்கடம் சிக்னலில் பைக்கில் காலை ஊன்றியபடி தூங்கி, மூன்று முறை பச்சை விளக்கைக் கோட்டை விட்டார். கோயிலில் பேரும் நட்சத்திரமும் கேட்ட பூசாரியிடம், முதலில் பில் தேதியைச் சொல்லுங்கள் என்றார். ஒரு நாள் காலை அடுப்படியிலிருந்து மனைவி மதிவதனி கூப்பிட்டதற்கு, மாடல் நம்பர் என்ன என்று கேட்டுவிட்டு வரிசையில் காத்திருக்கவும் சொன்னார்.

மதிவதனி சண்டை போடவில்லை. பயந்து போயிருந்தாள். ஒரு வாரம் லீவு வாங்கித் தூங்குங்கள், இல்லாவிட்டால் என்றைக்காவது சிக்னலில் நிற்காமலே தூங்கிவிடுவீர்கள் என்றாள். அங்கப்பனுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

ஆனால் முதலாளி வரதராஜுலுவிடம் லீவு வாங்குவது என்ன சாமானியமா? அவர் திட்டுகிறவராக இருந்தால் வம்பே இல்லை, திட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம். அவரோ எழுந்து நின்று வரவேற்பார், காப்பி வரவழைப்பார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று ஒருத்தர் விடாமல் விசாரிப்பார், கடைசியில் உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்பார். அலுப்பாக இருக்கிறது என்று சொல்லப் போனவர்கள் அத்தனை பேரும் வாயெல்லாம் பல்லாக, கூடுதலாக ஒரு வேலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். அங்கப்பன் மூன்று முறை போனார். முதல் முறை கேரள டீலர்கள் அவர் தலையில் விழுந்தார்கள். இரண்டாம் முறை ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்பு வந்தது. மூன்றாம் முறை, கம்பெனியில் யார் யார் ஓய்ந்துபோயிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் ஊழியர் நலக் குழுவுக்கே அவரைத் தலைவராக்கிவிட்டார் முதலாளி. அறுபது பேருக்கும் படிவம் கொடுத்தார் அங்கப்பன். அறுபது பேரும், கணக்குப் பிரிவு அஃப்ஷீன் உட்பட, நல்லா இருக்கறேனுங்க என்று எழுதிக் கொடுத்தார்கள். நல்லா இருக்கிற மூஞ்சியா அதெல்லாம்?

ஒரே ஒரு வழிதான் இருந்தது. வீட்டு விசேஷம் என்றால் வரதராஜுலு மறுபேச்சுப் பேச மாட்டார். கல்யாணம், காதுகுத்து, வீடு புகுதல் எதுவானாலும் பத்திரிகை நீட்டினால் ஒரு வாரம் லீவு. அங்கப்பன் வீட்டிலோ விசேஷமெல்லாம் தீர்ந்துவிட்டது. ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள், காதில் ஏற்கெனவே மூன்று ஓட்டை. ஆனாலும் கண்ணைக் கட்டிய களைப்பில் அச்சகத்துக்குப் போய், ‘எங்கள் இல்லக் காதணி விழா’ என்று பத்திரிகை அடித்தார். வெள்ளகோவில் பக்கம், மதிவதனியின் அண்ணன் காளிச்சாமி வீட்டு முகவரியைப் போட்டார். அத்தனை தூரம் யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம். யாருக்குக் காது குத்துகிறார்கள் என்று போட மட்டும் மறந்துவிட்டார். அச்சகத்து பிரவின்குமாரும் கேட்கவில்லை.

அதோடு விட்டாரா? பழக்கதோஷம் போகுமா? தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து முதலாளியை முறைப்படி அழைத்தார். அஃப்ஷீன் வருத்தப்படக் கூடாதே என்று அவளுக்கு ஒன்று, அவளுக்குக் கொடுத்துவிட்டு வாட்ச்மேனுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா என்று அவருக்கு ஒன்று, இப்படியே அறுபதும் தீர்ந்தன. எல்லோரும் வந்தர்றோமுங்க என்றார்கள். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். தாம்பாளம் வைத்து அழைத்துவிட்டு வராமல் இருப்பார்கள் என்று நினைக்கிற ஆள் கொங்கு நாட்டில் இவர் ஒருத்தர்தான்.

லீவு கிடைத்தது. மதிவதனியையும் கூட்டிக்கொண்டு போய், மச்சான் வீட்டில் மூன்று நாள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். நாலாம் நாள் காலை பத்து மணிக்கு வாசலில் இரண்டு பஸ்கள் வந்து நின்றன.

பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக அறுபது பேரும் இறங்க, அங்கப்பன் அடுப்படிக்கு ஓடினார். மதிவதனியிடம் அப்போதுதான் உண்மையைச் சொன்னார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெஸ்ஸுக்குப் போன் போட்டு அறுபது சாப்பாடு சொல்லிவிட்டு, விரிக்கப் பாய் தேடப் போனாள். அதற்குள் வரதராஜுலு தங்கக் கடுக்கனைத் தட்டில் வைத்து நீட்டினார். குத்துவதற்கு அவர் குடும்பத்து நகைப் பத்தரையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

“தாய்மாமன் ஆருங்க?” என்றார் முதலாளி.

மருமகளுக்குத் தாய்மாமன் தான்தானே என்று காளிச்சாமி வெள்ளந்தியாகக் கையைத் தூக்கினார். அவரைப் பாயில் சப்பணமிட்டு உட்கார வைத்தார்கள். அடுத்து, குழந்தை எங்கே என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை இல்லை என்று அங்கப்பன் அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் முதலாளி முகம் வாடிவிடுமே! நாற்பத்தாறு வயது மனுஷன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் மச்சான் மடியில் உட்கார்ந்தார். பாரம் தாங்காமல் காளிச்சாமி அம்மா என்றார். கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. விசேஷ வீட்டில் குறை சொல்கிறவர்களா அவர்கள்? பத்தர் வலது காதைப் பிடித்துக் குத்தினார். அங்கப்பன் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

முதலாளி பதறிப்போய்க் குனிந்தார். “வலிக்குதுங்களா?”

“காது வலிக்கலீங்க. நான் ஓஞ்சு போயிட்டனுங்க. ஒரு வாரம் தூங்கோணும்னு இருந்துச்சுங்க. விசேஷம் ஒண்ணுமே இல்லீங்க.”

மச்சான் மடியில் உட்கார்ந்தபடி, இவ்வளவு லேசானதையா நாலு வருஷமாக மென்று விழுங்கினோம் என்று அங்கப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றியது. காளிச்சாமியின் கால் மரத்துப்போயிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

“அதைய எங்கிட்டயே சொல்லியிருந்தா நான் லீவு தரமாட்டனுங்களா?” என்றார் வரதராஜுலு.

“மாட்டீங்களுங்க.”

முதலாளி நேர்மையானவர். கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். “ஆமாங்க, மாட்டந்தானுங்க” என்றார்.

பின்வரிசையில் அஃப்ஷீன் மெதுவாகக் கையைத் தூக்கி, தன் படிவத்தைத் திருப்பித் தர முடியுமா, வேறு எழுத வேண்டும் என்றாள். வாட்ச்மேனும் கேட்டார். பிறகு யார் கேட்டது, யார் கேட்கவில்லை என்று எண்ண முடியவில்லை. ஒரே சலசலப்பு. முதலாளி எல்லோரையும் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வாரத்தைப் பத்து நாளாக்கிக்கொள்ளும்படி மட்டும் அங்கப்பனிடம் சொன்னார். பந்தி போட ஆரம்பித்ததும் கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது.

காளிச்சாமியும் காலை உதறிக்கொண்டு எழுந்து போக, அங்கப்பன் மட்டும் பாயிலேயே இருந்தார். பத்தர் ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைக்கப் போனபோது, வரதராஜுலு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பத்தர் கையைப் பிடித்தார். பக்கத்தில் பார்க்கையில்தான் அங்கப்பனுக்குத் தெரிந்தது, முதலாளியின் கண்ணுக்குக் கீழேயும் கன்றிப்போய்க் கறுத்திருந்தது.

“பத்தரே, எனக்கும் ஒரு காது குத்திப்போடுங்க. இருவது வருசமா நானும் ஒரு நாளுகூடப் படுக்கலீங்க. ஊட்டுக்காரி கோமளா சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்ட்டா. காரணமில்லாம எப்படீங்க படுக்கறது?”

அறுபத்தெட்டு வயதுக்காரருக்குத் தாய்மாமனுக்கு எங்கே போவது என்று பத்தர் விழித்தார். அங்கப்பன் சப்பணமிட்டு, இடுப்புத் துண்டைச் சரி செய்து, முதலாளிக்குத் தன் மடியில் இடம் செய்து கொடுத்தார்.