கசிவு இல்லை

திங்கட்கிழமை தோறும் நான் ஒரு பொய் எழுதுவேன். அது பொய் என்றே அப்போது எனக்குத் தோன்றியதில்லை. எங்கள் அரசு மருத்துவமனையில், சிலிண்டர்களை வைத்து நான் பார்த்துக்கொள்ளும் கேஸ் ரூமில் ஒரு நோட்டு உண்டு. ஆபரேஷன் தியேட்டருக்கு மயக்க வாயு கொண்டுபோகும் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். குமிழி கிளம்புகிறதா என்று பார்த்து, அந்த நோட்டில் எழுத வேண்டும். நான் தடவாமலே எழுதிவிடுவேன். 'கசிவு இல்லை. சொரிமுத்து.' எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். வேலையை ஒப்படைத்த அன்று என்னிடம் நோட்டைத்தான் கொடுத்தார், சோப்பைக் கொடுக்கவில்லை.

என்னைச் சோம்பேறி என்று சொல்லிவிட வேண்டாம், கோபம் வரும். குழாய் கூரையை ஒட்டிப் போகிறது. ஏணி இல்லாமல் தொட முடியாது. இருந்த ஏணியைக் கரண்ட் வேலைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய் நான்கு வருஷம் ஆகிறது. கேட்டால், "நாளைக்குத் தாரோம்வே" என்பார்கள். மற்றபடி என் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பதினோரு வருஷமாக ஒப்பந்த வேலைதான், ஆனாலும் சிலிண்டர் தீர்ந்து ஒரு ஆபரேஷன் நின்றதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பார்கவி டாக்டர் வந்தார். மயக்க மருந்து டாக்டர், கல்லிடைக்குறிச்சிக்காரர். மருத்துவமனையால் காற்று கெடுவதைக் குறைக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்து, அதற்கு அவரைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். ஜெனரேட்டரையும் ஏசியையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் நேரே என் அறைக்கு வந்து நின்றார்.

"சொரிமுத்து, இந்த நீலச் சிலிண்டர்ல இருக்கிற வாயு, காத்துல கலந்தா கரியமில வாயுவைவிட முந்நூறு மடங்கு கிட்ட பூமியைச் சூடாக்கும். நூறு வருஷத்துக்கு மேல அங்கேயே நிக்கும். மாசம் பன்னிரண்டு சிலிண்டர் வருது. நம்ம ஆபரேஷனுக்கு ரெண்டுகூட ஆகாது. மிச்சம் எங்க போகுது?"

எனக்கு என்ன தெரியும்? வந்தது, தீர்ந்தது, மாற்றினேன்.

"கசிவு இருந்தா குழாயையே மூடிடலாம். தியேட்டர்ல மயக்க மெஷின் பக்கத்துலயே சின்ன சிலிண்டர் வெச்சுக்கிட்டாப் போதும். நிறைய ஊர்ல அப்படித்தான் பண்றாங்க" என்று சொல்லிக்கொண்டே நோட்டைப் புரட்டினார். "நீங்க கசிவு இல்லைன்னு எழுதியிருக்கீங்களே. நிஜமாவே பாத்தீங்களா?"

குழாயை மூடினால் கேஸ் ரூம் எதற்கு? கேஸ் ரூம் இல்லாவிட்டால் நான் எதற்கு? ஆக்சிஜனுக்குப் பெரிய டேங்க் வந்துவிட்டது. அதை அந்தக் கம்பெனி ஆட்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள்? மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இத்தனையும் ஒரே மூச்சில் மனதில் ஓடியது.

"வாரா வாரம் பாக்கேன் மேடம்" என்றேன்.

டாக்டர் என்னை நம்பினார். கசிவும் இல்லை, ஆபரேஷனுக்கும் ஆகவில்லை என்றால் வாயு திருட்டுப் போகிறது என்றுதானே அர்த்தம்? சிலிண்டரைக் கொண்டுவருகிறவன் ஹசன் அலி. மேலப்பாளையத்துக்காரன். கங்கைகொண்டான் பக்கமிருந்து வேனில் ஏற்றி வந்து, அவனே ஒவ்வொன்றாக உருட்டி இறக்குவான். முக்காலும் காலியானதைத் தலையில் கட்டுகிறான் என்று மேலிடத்தில் முடிவு கட்டினார்கள். பதினோரு வருஷம் சிலிண்டரைத் தொட்டவன் நான். அவன் ஒருநாளும் எடை குறைந்த சிலிண்டரைக் கொண்டுவந்ததில்லை என்று என் கைக்குத் தெரியும். வாயைத்தான் திறக்கவில்லை. விசாரணை முடியும்வரை அவனை அனுப்பக்கூடாது என்று அவன் கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

மறுநாள் மத்தியானம் பந்தல்காரர் நடராஜிடம் ஏணி இரவல் வாங்கி, துணி சோப்பைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறினேன். முதல் இரண்டு மூட்டிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் தடவினேனோ இல்லையோ, தோசை மாவு பொங்குவது போல நுரை பொங்கியது. சாயங்காலமானால் எனக்குத் தலை கிறுகிறுக்கும். வெயில் என்று நினைத்திருந்தேன். உடனே வால்வை அடைத்து, வெடித்துப்போன வாஷரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதிதாக ஒன்றை மாட்டி இறுக்கினேன். இனிமேல் வாயு போகாது, குழாயையும் மூட மாட்டார்கள், ஹசன் அலி விஷயத்தையும் மறந்துவிடுவார்கள். இப்படி ஒரு புத்திசாலி நான்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் சிரித்த முகமாக வந்தார்.

"பாத்தீங்களா? இந்த ரெண்டு மாசமும் ரெண்டு ரெண்டு சிலிண்டர்தான். ஹசன் அலி நின்னதும் திருட்டும் நின்னுடுச்சு. இதைவிட என்ன சாட்சி வேணும்? குழாயை மூட வேண்டிய அவசியமே இல்லை சொரிமுத்து."

நான் போட்ட வாஷர் அவன் கழுத்தை இறுக்கிவிட்டது. ஆடு திருடின கள்ளன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமையே ஹசன் அலி என் வீட்டுக்கு வந்துவிட்டான். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றான்.

"அண்ணாச்சி, கம்பெனியில என்னைய ஒரேயடியா நிப்பாட்டப் போறாவளாம். எங்க தெருவுல சின்னப் பிள்ளையகூட என்னைய ஒரு மாதிரி பாக்கு. டாக்டரம்மா உம்ம பேச்ச நம்புதாவ. நான் எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லும்."

"சொல்லுதேம்லே" என்றேன். என் மனைவி தனலட்சுமி கொடுத்த காப்பியை அவன் குடித்து முடிக்கும்வரை அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் அறைக்குப் போனேன். முழு உண்மை வாயில் வரவில்லை. "ஹசன் அலி நல்லவன் மேடம், அவன் எடுத்திருக்க மாட்டான்" என்றேன்.

"உங்களுக்கு இளகின மனசு. ஆனா அவர் எடுக்கலைன்னா வாயு எங்க போச்சு?"

பதில் என் சட்டைப் பைக்குள் இருந்தது; அந்தப் பழைய வாஷரைக் காலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். எடுத்தால் நான் போனேன், எடுக்காவிட்டால் அவன் போனான். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? வாஷரை எடுத்து மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"மொத்தம் எத்தனை தடவை டெஸ்ட் பண்ணியிருக்கீங்க?"

"ஒரே தடவ. அன்னைக்கு மட்டும்."

"உங்க கையெழுத்தை நம்பி ஒரு மனுஷனைத் திருடன்னு எழுதி அனுப்பிட்டேனே, சொரிமுத்து."

அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. உடனே உட்கார்ந்து ஹசன் அலி மேல் தவறில்லை என்று கடிதம் எழுதினார். இன்னும் எந்த மூட்டில் கசிகிறதோ, இனி இந்தக் குழாயை நம்ப முடியாது, மூடிவிடலாம் என்று இன்னொன்றும் எழுதினார். மாதக் கடைசியோடு எனக்கு வேலை முடிந்தது என்று சொன்னார்கள்.

கடைசி வாரம் சின்னச் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு வேன் வந்தது. ஓட்டி வந்தவன் ஹசன் அலி. குதித்து இறங்கி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"சொன்ன மாதிரியே சொல்லிட்டீருல்லா அண்ணாச்சி! உம்ம ஒத்த வார்த்தைக்குத்தான் என்னைய திரும்ப எடுத்தாவ. எங்க வீட்டுல ஒவ்வொரு தொழுகைக்கும் உமக்காவ துஆ கேக்காவ."

கடிதத்தில் என் பெயர் இல்லை போலிருக்கிறது. வேலைதான் போயிற்று, நல்ல பெயராவது மிஞ்சட்டுமே என்று ஆசைப்பட்டேன். ரொம்பவும் ஆசைப்பட்டேன். அவனோ கையை விடுவதாக இல்லை.

"ஏலே ஹசன், கசிவு இருந்துச்சுலே. பாக்காமலே இல்லன்னு எழுதுனது நாந்தான். பெறவு தெரிஞ்சு அடைச்சேன், அப்பமும் சொல்லல. ரெண்டு மாசம் உன்னையத் திருடனா நிக்க விட்டேன்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு பைய என் கையை விட்டான். வேனுக்குப் போய்க் கதவைத் திறந்தான். வழக்கம்போல ஒரு பக்கம் பிடிக்க நானும் போனேன்.

"வேண்டாம். நானே எறக்கிக்கிடுதேன்" என்றான். அண்ணாச்சி என்று சொல்லவில்லை.