சுத்தமான தூக்கம்

"எங்க அம்மாவ இந்தத் தூக்க ஆய்வுல சேர்த்துக்கோங்க."

சொந்தக்காரர்களுக்காக வாயைத் திறக்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். கொலெட் கேட்டுவிட்டாள். டாக்டர் ஆல்ட்ரிச் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில், ஆய்வில் சேர்ந்திருந்த திருமதி விட்காமின் மூளைப் படம். எண்பது வயது மூளையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வண்ண வண்ணமாய்க் கோடுகள்.

"இந்த வயசுலயும் மூளையோட பகுதியெல்லாம் எவ்ளோ அழகா ஒண்ணோடொண்ணு பேசிக்குது பாரு," என்றார் டாக்டர்.

கொலெட்டுக்கு வயிறு எரிந்தது. ஒரு கோடாவது அறுந்து தொலையட்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை.

ராத்திரி முழுக்கத் தூக்கத்தை அளந்த ஒயர்த் தொப்பியைக் காலையில் திருமதி விட்காமின் தலையிலிருந்து கழற்றிப் பசையைக் கழுவியவள் கொலெட்தான். "தலகாணில தல பட்டா போதும் கண்ணு, பொணம் மாதிரி தூங்குவேன். எங்க வீட்டுக்காரர் ஜட்ஜு, அவர் கோர்ட்லயே தூங்கிடுவாரு," என்று சிரித்தாள் கிழவி. பிறகு ஞாபகச் சோதனைக்காக முந்தின நாள் படித்த சொற்களை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். கொலெட்டின் சீப்பு கொஞ்சம் வேகமாகவே இழுத்தது.

"மெதுவா கண்ணு. அது என் சொந்த முடி."

கொலெட்டின் அம்மா ஜினெட் காகித ஆலையில் இருபத்தேழு வருஷம் இரவு வேலை பார்த்தவள். பகலில் ஜன்னலைக் கம்பளியால் மூடிப் படுத்தாலும் தூக்கம் வராது. அந்தச் சம்பளத்தில்தான் கொலெட் படித்து அந்த வீட்டின் முதல் பட்டத்தை வாங்கினாள். ஓய்வு பெற்றும் தூக்கம் திரும்பவில்லை. போன வாரம் மகளைப் பார்த்து, "நீ எந்த வகுப்புடி படிக்கிற?" என்று கேட்டாள். ஊரில் மறதி வைத்தியரைப் பார்க்க அடுத்த வசந்தம்வரை காத்திருக்க வேண்டும். இங்கே சேர்த்தால் இந்த வாரமே மூளையைப் படம் எடுத்துவிடலாம்.

"ராத்திரி வேலை பார்த்தவங்கள நாம எடுக்கிறதில்ல," என்றார் டாக்டர். "போன்ல நீயே எத்தன பேர வேண்டாம்னு சொல்லியிருக்க."

"சொன்னேன். நீங்க குடுக்கிற சம்பளத்துக்குச் சொன்னேன்."

"அவங்க தூக்கம் சுத்தமா இருக்காது கொலெட். அதக் கலந்தா மொத்த முடிவும் கலங்கிடும்."

"அப்ப நல்லா தூங்கினவங்களையே வச்சுக்கிட்டு, தூக்கம் கெட்டா மூளை என்ன ஆகும்னு எழுதப் போறீங்க."

டாக்டர் நாற்காலியைத் திருப்பினார். குரல் உயரவில்லை. "முனைவர் படிப்புக்கு உன் பேரத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். கெடுத்துக்காத. வீட்டுக்குப் போய் நல்லா தூங்கி எழுந்து யோசி."

"எங்க வீட்ல அது யாருக்கும் வர்றதில்ல டாக்டர்." கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "யோசிச்சுட்டுதான் வந்தேன். என் மேசைய காலையிலயே காலி பண்ணியாச்சு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுடலாம்னு பார்த்தேன்."

வாசலருகே டாக்சிக்குக் காத்திருந்த திருமதி விட்காம் நாற்காலியிலேயே வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கொலெட் வெளிக்கதவை வேண்டுமென்றே அறைந்து சாத்தினாள். கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தாள். கிழவி அசையக்கூட இல்லை.

வெளியே கொலெட்டின் வண்டியில், அவள் கூட்டி வந்திருந்த அம்மா கண்ணை விழித்தபடி உட்கார்ந்திருந்தாள். கொலெட் அவளை நோக்கி நடந்தாள்.