அண்டை கொடுத்த கல்

ஜல்லிக்கூடையைத் தலைக்கு ஏற்றி நிமிர்ந்தபோது, கீழ் வளைவில் அந்தக் கார் முக்கிக்கொண்டு ஏறுவதைக் கெங்கம்மாள் பார்த்தாள். ஆலங்காயத்திலிருந்து காவலூர் ஏறும் பாதையில் பஸ் வரும், புளிமூட்டை லாரி வரும், எப்போதாவது ஜீப் வரும். இப்படி நீளமாய், வயிறு தரையைத் தடவுகிற மாதிரி ஒரு வண்டி வந்ததில்லை. ஒரே வீச்சில் வளைவைத் திரும்ப முடியாமல், பாறைக்கு ஒரு சாண் முன்னால் மூக்கை வைத்துக்கொண்டு அது நின்றுவிட்டது.

ஏற்றத்தில் வண்டி நின்றால் அங்கே யாரும் சொல்லுக்காகக் காத்திருப்பதில்லை. போன மழைக்காலத்தில் இதே வளைவில் நின்ற லாரி பின்னால் உருண்டு, மண் வாரிக்கொண்டிருந்த செல்லியைத் தடுப்புச்சுவரோடு வைத்து நசுக்கியது. அன்றைக்கு மேஸ்திரி கோபால்சாமி சொல்லிவைத்தார்: எந்த வண்டி நின்றாலும் கிட்டே இருக்கிறவர்கள் முதலில் சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுக்கணும், அப்புறம்தான் மற்ற வேலை. கெங்கம்மாள் கூடையை அப்படியே கவிழ்த்துவிட்டு ஓடினாள். இரண்டு கையிலும் அடங்காத கல்லொன்றைத் தூக்கிவந்து முன்சக்கரத்துக்குப் பின்னால் செருகினாள்.

டிரைவரின் கண் முன்னாலிருந்த பாறைமேலேயே இருந்தது. திரும்பிப் பார்க்காமல் பின்னுக்கு எடுத்தான். சக்கரம் கல்மேல் ஏறி இறங்கியது. கல் உள்பக்கமாய்ப் புரண்டது. அடியில் சட்டி உடைகிற சத்தம். கறுப்பு எண்ணெய் சரிவில் ஒழுகிவந்து அவள் கால்விரலைத் தொட்டது. சுட்டது.

பின்சீட்டிலிருந்து, கீழே ஊரில் தோல்மண்டி வைத்திருக்கும் முதலாளி இறங்கினார். டிரைவர் சேட்டு அடியில் புகுந்து பார்த்துவிட்டு, ஆயில் சேம்பர் பிளந்துபோச்சு, இனிமேல் இன்ஜினைப் போட்டால் மொத்தமும் போய்விடும் என்றான்.

"பின்னால பாத்து எடுத்தியாடா?"

சேட்டு எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"பாத்தேங்க. பாக்கறப்ப கல்லு இல்லீங்க. அந்தம்மாதான் போட்டுச்சு."

கெங்கம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். வண்டி உருளக்கூடாதென்று போட்டதுதான், எல்லா வண்டிக்கும் போடுகிறதுதான் என்றாள்.

"எல்லா வண்டியும் இதுவும் ஒண்ணா?" என்றார் முதலாளி. "எந்த ஊர்ல செஞ்சது தெரியுமா? ஜெர்மனி. ஒடஞ்சது அங்கேர்ந்து கப்பல்ல வரணும். உங்க மலையையே வித்தாலும் இதுல ஒரு போல்ட்டு வராது."

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். நான் சொல்லித்தான் போட்டாள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதலாளி அதற்குள் ரோட்டு இன்ஜினியர் பேரைச் சொல்லி, தாங்கள் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள் என்றும் சொல்லிவிட்டார். நாளைக்கு இவள் ரோட்டு வேலையில் நிற்கக்கூடாது என்றார். கோபால்சாமி தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"செரிங்க. எத்தினி தபா சொன்னாலும் இதுங்களுக்கு ஏறாதுங்க."

அவள் புருஷன் மாதையன் புளியமரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து வீட்டில் படுத்துக் கிடக்கிறான். அவன் விழுந்த நாளிலிருந்து இந்தக் கூடைதான் அடுப்பெரித்தது. சாமை அறுப்புக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறது.

"மேஸ்திரிண்ணா," என்றாள், குரல் எழும்பாமல். "செல்லி செத்தன்னிக்கி நீதான சொன்ன?"

"வாய மூடு. அப்பால பேசிக்கலாம்."

மேலே ஜமுனாமரத்தூர் பஸ் ஹாரன் அடித்தது. கார் நகராமல் அது இறங்க முடியாது. பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்து, சீமைக் காருக்கு மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சிரித்தன. தள்ளித் திருப்பி, கீழே சமதரைவரைக்கும் உருட்டிவிடுவதென்று முடிவாயிற்று. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது என்றான் சேட்டு. பின்னால் கயிறு கட்டி ஆட்கள் இழுத்துப் பிடிக்கணும், சக்கரத்தோடு ஒருத்தர் கல்லோடு நடக்கணும்.

கயிறு கட்டக் குனிந்த சேட்டு அவள் பக்கமாய்க் குரலை இறக்கினான்.

"கோச்சிக்காத அக்கா. எனுக்கும் புள்ளைங்க கீது."

அவள் கால்விரலிலிருந்த எண்ணெயை மண்ணில் தேய்த்தாள். அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஜெர்மனி ஜெர்மனின்றாரு. அங்க செஞ்சி, துண்டுதுண்டா பொட்டியில போட்டு அனுப்பி, மலேயாவுல பூட்னதுதான் அக்கா இது. கதவுகிட்ட தகட்லயே போட்டுக்குது. அவுங்க அண்ணன் பினாங்கிலேர்ந்து அனுப்பிச்சது. இந்தக் கம்பெனி வண்டிய எத்தினியோ நாட்ல இப்டி பூட்றாங்க. வெளிய சொன்னா மதிப்பு பூடும்னு சொல்லமாட்டாரு."

"அங்க யாரு பூட்றாங்க?"

"யாரு, கூலிக்காரங்கதான். நம்ம ஆளுங்களும் இருப்பாங்க."

"அவங்களுக்குக் கை தப்பிட்டா இன்னா பண்ணுவாங்க?"

சேட்டு முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினான்.

எல்லோருமாய்த் தள்ளி மூக்கைக் கீழ்ப்பக்கம் திருப்பினார்கள். முதலாளி பின்சீட்டில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கல்லை யார் தூக்குவது என்று மேஸ்திரி கேட்டார். ஆட்கள் தடுப்புச்சுவரைப் பார்த்தார்கள். செல்லி கிடந்த இடம் அது. ஒருத்தரும் அசையவில்லை. கண்ணாடி விரற்கடை அளவு இறங்கியது.

"போட்டவளே போடட்டும்."

கெங்கம்மாள் அதே கல்லைத் தூக்கினாள். எண்ணெய்ப் பிசுக்கில் கை வழுக்கியது, வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். புடவை கறுத்தது. கார் அசைந்தது. பின்னால் கயிறு முறுக்கேறி முனகியது. முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, அது ஓடினால் ஓடி, நின்றால் நின்று, அவள் இறங்கினாள். அடுத்த வளைவில் கயிறு ஆட்களின் கையை அறுத்துக்கொண்டு நழுவியது.

"கல்லு போடு கெங்கா, கல்லு!" என்று கத்தினார் கோபால்சாமி.

அவள் குனிந்து சக்கரத்துக்கு முன்னால் செருகினாள். விரலை உருவிக்கொண்டதுதான் தாமதம், சக்கரம் வந்து கல்லில் சாய்ந்து நின்றது.

உள்ளேயிருந்து முதலாளி கண்ணாடியைத் தட்டினார், போகச் சொல்லி. கயிறு மறுபடி விறைத்ததும் அவள் கல்லை எடுத்துக்கொண்டாள்.