சீமாட்டிக்கு ஒரு சட்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அக்காவைக் கிண்டல் பண்ணத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். அக்கா வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவள். யார் வீட்டு நாயை, பூனையைப் பார்த்தாலும் “கருத்தடை பண்ணியாச்சா?” என்று கேட்பாள். கல்யாண வீடு, துக்க வீடு பார்க்கமாட்டாள். தெரு அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘கத்தரி’. என் முதல் வரி:

கத்தரி தெருவில் இறங்கினால் ஆண் நாய்கள் எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு

(அடித்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் வெட்கமும்.)

2

கதைக்கு வில்லன் வேண்டுமே! எதிர்வீட்டு போஸ்ட்மாஸ்டரைப் பிடித்தேன். ஓய்வு பெற்றவர், தனி ஆள். அவருடைய நாய் சீமாட்டி வருஷம் தவறாமல் குட்டி போட்டது. பாதிக் குட்டிகளுக்கு வீடு கிடைக்கும். மீதி மெயின்ரோட்டில் அடிபட்டுச் சாகும். கருத்தடை பண்ணச் சொல்லி அக்கா கேட்டுப் பார்த்தாள்.

“என் நாய், என் இஷ்டம். நீ உன் மெஷினைப் பாரும்மா” என்று கதவைச் சாத்தினார்.

‘கல்நெஞ்சக்காரர்’ என்று எழுதினேன். அக்கா படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

“தப்பு. குட்டிங்க இருக்கற ரெண்டு மாசம்தான்டா பிள்ளைங்க அவர் வீட்டுக்குப் போகும். மத்த நாள்ல யாரு எட்டிப் பார்க்கறா? நீ பார்த்தியா?”

பார்த்ததில்லை. (வில்லன் போச்சு.)

3

ஒருநாள் காலையில் போஸ்ட்மாஸ்டரே எங்கள் வாசலில் வந்து நின்றார். சீமாட்டி இரண்டு நாளாகத் தண்ணீரை மட்டும் குடித்துக் குடித்து வாந்தி எடுக்கிறது, எழுந்திருக்கவே இல்லை என்றார். அக்கா ஊசி இறங்கிய துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நாயைப் போர்வையில் சுருட்டி வண்டியில் ஏற்றினாள். நானும் தொற்றிக்கொண்டேன்.

“கர்ப்பப்பை முழுக்கச் சீழ்” என்றார் கால்நடை டாக்டரம்மா. “உடனே எடுத்தாகணும். முன்னாடியே கருத்தடை பண்ணியிருந்தா இது வந்திருக்காது. இப்ப நான் உறுதி எதுவும் குடுக்க முடியாது.”

போஸ்ட்மாஸ்டர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

“நான்தாம்மா அவளை இப்படி ஆக்கிட்டேன்” என்றார்.

‘அப்பவே சொன்னேன்ல’ என்று அக்கா வெடிப்பாள் என நினைத்து, அந்த வசனத்தை எழுதியும் வைத்திருந்தேன். அவள் கேட்டது: “காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?”

4

(இந்த இடத்தில் சீமாட்டி செத்தால் கதை கனக்கும். ஒரு பிரதியில் சாகடித்தேன்.)

“ஏன்டா, அது செத்தாத்தான் உன் கதை நல்லா வருமா?” என்றாள் அக்கா, அதைப் படித்துவிட்டு.

சரி, நடந்ததையே சொல்கிறேன். இரண்டரை மணி நேர ஆபரேஷன். சீமாட்டி பிழைத்தது. ஆனால் தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பை ஒரே நாளில் நொறுக்கிவிட்டது. அக்கா நாடாவை எடுத்துக்கொண்டு போனாள். நெஞ்சு, இடுப்பு, முன்னங்கால் சுற்று என்று அளவெடுத்து, பள்ளிச் சீருடையில் மிஞ்சிய நீலத் துணியில், வயிறு முழுக்க மூடும்படி ஒரு சட்டை தைத்தாள். முதுகில் நாலு பித்தான். காலர் வேறு.

“நாய்க்குக் காலர் எதுக்குக்கா?”

“அழகுக்குடா!”

சட்டை போட்ட நாயைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் போஸ்ட்மாஸ்டர் வீட்டில் கூடிவிட்டார்கள், ஒரு குட்டிகூட இல்லாமலே. அவர் நன்றியெல்லாம் சொல்லவில்லை.

“இன்னொண்ணு தைச்சுக் குடும்மா. துவைச்சு மாத்தணும்ல” என்றார்.

5

கிண்டல் கதை கையை விட்டுப் போயிற்று. அக்காவின் வேலையை எழுதுவது லேசில்லை. கருத்தடை பண்ணவைத்தே அவள் எத்தனையோ குட்டிகளை மெயின்ரோட்டிலிருந்து காப்பாற்றியிருக்கிறாள், ஆனால் அவை பிறக்கவே இல்லை. இல்லாததை எந்த வாக்கியத்தில் கொண்டுபோய் வைப்பது? வைக்கத் தெரியவில்லை. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன், இவள் என் கூடப் பிறந்தவள்.

முடிவா? இன்று காலை யாரோ ஒருவர் தன் பெட்டை நாயைப் பிடித்துக்கொண்டு போஸ்ட்மாஸ்டரிடம் யோசனை கேட்க வந்தார். இவர் தொண்டையைச் செருமினார், எங்கள் வீட்டைக் கை காட்டினார், என்னவோ நீளமாகச் சொன்னார். மெஷின் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை. போய்க் கேட்டு எழுதலாம்தான். மாட்டேன். அந்த வசனத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கஞ்சத்தனம் மட்டும் பண்ணாதீர்கள், என் அக்காவைப் பற்றியது.