மற்ற நாட்களின் இரத்தம்

கிரேனில் இருப்பவருக்குக் கப்பலின் சரக்கறை அடி தெரியாது. உயரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் அபூதாஹிருக்குத் தெரிவதெல்லாம், அறையின் விளிம்பில் நிற்கும் யோகலிங்கத்தின் கைகள்தான். உள்ளங்கை கீழே பார்த்து அசைந்தால் இரும்புக் கவ்வி இறங்கும். கை முட்டியானால் அந்தரத்தில் நிற்கும். கீழே சீமெந்துக் கட்டித் தூசிக்குள் மண்வெட்டிகளோடு ஆட்கள் ஒதுங்கி நிற்பார்கள். அவர்கள் எல்லோருடைய தலையும் அந்த முட்டிக்குள்தான் இருந்தது.

கவ்வி ஓடும்வரை யோகலிங்கம் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. மாற்றாள் கிடையாது. ஓர் அறைக்கு ஓர் ஆள் என்பது கொந்தராத்துக் கம்பனியின் கணக்கு. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள், சலம் வந்தால் அடக்கிக்கொள், இதுதான் அந்த வேலையில் முதலில் படிக்கும் பாடம்.

பிரஷர் குளிசை அந்தப் பாடத்துக்கு எதிரி. அரச கிளினிக்கில் சும்மா கொடுக்கிறார்கள்தான். ஆனால் அதில் ஒன்று சலத்தை இறக்கும், அரை நாள் ஓட வைக்கும். அதனால் துறைமுகத்தில் ஒரு வழக்கம் உருவாகியிருந்தது. கம்பனியின் தாதி மாதமொருமுறை துறைமுக வாசலில் மெஷின் வைத்துப் பிரஷர் பார்ப்பார். கூடியிருந்தால் இறங்கும்வரை வேலையில்லை. அந்த நாள் நெருங்கும்போது மட்டும் எல்லோரும் குளிசையை எடுத்து விழுங்குவார்கள். அதற்குப் ‘பாஸ் குளிசை’ என்றே பெயர். அந்த ஒரு காலையில் திருகோணமலைத் துறைமுகத்தில் இருக்கும் ஆட்களைப்போல ஆரோக்கியசாலிகள் உலகத்தில் இல்லை. மெஷின் சரி என்று சொன்னதும் மிச்சக் குளிசை அலுமாரிக்குள் போய்விடும். யோகலிங்கமும் வருடக்கணக்கில் இப்படித்தான் பாஸ் பண்ணி வந்தார்.

கிளினிக்கில் டொக்டர் தேனுகா ஓர் ஆராய்ச்சிக்காக இரத்தம் கேட்டபோது யோகலிங்கம் மறுக்கவில்லை. விருப்பமிருந்தால் மட்டும் தாருங்கள் என்றுதான் டொக்டர் கேட்டார். டொக்டர்மார் அப்படிக் கேட்பது குறைவு, அந்த மரியாதைக்காகவே இவர் கையை நீட்டினார். இரத்தம் எங்கோ ஒரு பெரிய ஆய்வுகூடத்துக்குப் போனது. பிறகு கூப்பிட்டுத் தலையைப் படம் எடுத்தார்கள். பிறகு டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“ஐயா, நரம்புக்குள்ள நார் மாதிரி ஒரு பொருள் இருக்கு. அது உள்ளுக்குள்ளயேதான் இருக்க வேணும். பிரஷர் கனகாலம் கூடி நிண்டு மூளையின்ர சின்னச் சின்னக் குழாயளை அடிச்சால், நரம்பு நைஞ்சுபோகும். நைஞ்சதில கொஞ்சம் ரத்தத்தில வந்து கலக்கும். உங்கட ரத்தத்தில அது கூடுதலா இருக்கு.”

“எனக்கு ஒரு நோவும் வருத்தமும் இல்லையே, டொக்டர். மெஷினும் எப்பவும் சரியெண்டுதானே சொன்னது.”

“மெஷின் அண்டைக்கு என்ன எண்டுதான் சொல்லும். இந்த ரத்தம் மற்ற நாளையும் சொல்லும்.”

யோகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். டொக்டர் கோபிக்கவில்லை. இரத்தத்தை மட்டும் வைத்து ஒரு மனிதரைப் பற்றி முடிவாகச் சொல்லும் அளவுக்கு இன்னும் யாருக்கும் தெரியாது, அதனால்தான் படமும் எடுத்தோம் என்றார். படத்தைத் திரையில் காட்டினார். மடிப்பு மடிப்பாக இருந்த சாம்பல் நிறத்துக்குள் அங்கங்கே வெள்ளைப் பொட்டுகள். வேலை செய்யலாம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் இந்தப் பொட்டுகள் மெல்ல மெல்லக் கூடும் என்றார்.

வீடிருக்கும் உப்புவெளிக்குப் போகும் பஸ்ஸில் யோகலிங்கம் கைமடிப்பில் ஓடும் இரத்தக்குழாயையே பார்த்துக்கொண்டு வந்தார். பயத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. எலும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் மூளை, வாய் திறந்து ஒரு சொல் சொல்லாத மூளை, தனக்கு நடந்ததைக் கைவரைக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறது. அதைக் கேட்கவும் எங்கோ ஒரு தேசத்தில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். தாதியை ஏய்த்தாயிற்று, மெஷினை ஏய்த்தாயிற்று. ஒரு கரண்டி இரத்தத்தை ஏய்க்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் அதைச் சொல்லவேண்டும்போல இருந்தது.

வீட்டில் மனைவி சிவரூபியிடம் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அவர் தலையில் கை வைத்தாள். இத்தனை வருடம் எண்ணெய் வைத்துவிட்ட தலையை அன்றுதான் முதன்முதலாகத் தொடுவதுபோல் மெதுவாகத் தொட்டாள்.

“இவ்வளவு காலமும் உள்ளுக்க இருந்து எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதான் இருந்திருக்கு” என்றாள்.

மறுநாள் காலை குளிசையும் தண்ணீருமாக அவளே முன்னால் வந்து நின்றாள்.

கப்பலில் சிக்கல் தொடங்கியது. முட்டியைப் பிடித்துக் கவ்வியை நிறுத்திவிட்டு யோகலிங்கம் அடிக்கடி சலம் கழிக்க ஓட வேண்டியிருந்தது. அபூதாஹிர் மேலே இருந்து சிரித்தார். இருவருக்கும் நீண்ட காலச் சிநேகம். தேநீர் நேரத்தில் யோகலிங்கம் இரத்தத்தின் கதையைச் சொன்னபோது அபூதாஹிரின் சிரிப்பு நின்றது. அவருக்குப் பிடரியில் எந்நேரமும் ஒரு கனம். டொக்டர் அம்மா இங்கே வருவாவெண்டால் நான்தான் முதல் ஆளாகக் கை நீட்டுவேன் என்றார். யோகலிங்கம் அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டே விட்டார், அவரும் துறைமுக வாசலுக்கு வர ஒத்துக்கொண்டார்.

கம்பனியின் சுப்பவைசரிடமும் சொன்னார். அங்கேதான் காரியம் பிழையாகிப்போனது. தனக்கு வந்த ஆச்சரியம் கேட்பவர்கள் எல்லோருக்கும் வரும் என்று அவர் நம்பினார். நாரைப் பற்றி, வெள்ளைப் பொட்டுகளைப் பற்றி, பாஸ் குளிசையைப் பற்றிக்கூட ஒளிக்காமல் சொல்லி, இடைக்கிடை நின்றுகொள்ள ஒரு மாற்றாள் கேட்டார். சுப்பவைசர் வாயைத் திறந்தபடி கேட்டார், விஞ்ஞானம் பயங்கரம்தான் என்றும் சொன்னார்.

அடுத்த கப்பலில் அறையின் விளிம்பில் வேறொருவர் நின்றார்.

“மூளை பழுதெண்டு நீங்களே சொல்லிப்போட்டு, கீழ நிக்கிற சனத்தின்ர உயிரை உங்கட கையில தரச் சொல்லுறீங்களே?” என்றார் சுப்பவைசர்.

“பழுதெண்டு டொக்டர் சொல்லேல்ல. பழுதாகாமக் குளிசை போடச் சொன்னவ. ஒருக்கா இறங்கிப் போயிட்டு வர ஓராளைத்தானே கேட்டனான்.”

“ஆளில்லை.”

இல்லாத ஆள் விளிம்பில் நின்று கையை அசைத்துக்கொண்டிருந்தார். யோகலிங்கம் ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டு ஏணியால் சரக்கறைக்குள் இறங்கினார். உள்ளே காற்றில்லை. இரும்புச் சுவர் வெயிலில் காய்ந்து கிடந்தது. அடியில் இருந்து ஒவ்வொரு தடவையும் அந்த நீள ஏணியில் ஏறிப் போய்வர யாரும் விடமாட்டார்கள். சிவரூபி தந்த குளிசை காலையில் உள்ளே போயிருந்தது. அவர் சலத்தை அடக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு பொழுதைத் தள்ளினார், ஆனால் குளிசையை விடவில்லை. அந்தப் பொட்டுகள் கூடிவிடும் என்ற நினைப்பு மண்வெட்டியைவிடப் பாரமாக இருந்தது.

டொக்டர் தேனுகா சொன்னபடி வந்தார். அன்று கம்பனி பிரஷர் பார்க்கும் நாளும்கூட. துறைமுக வாசலில் வேப்பமர நிழலில் ஒரு மேசை, ஒரு ஐஸ்பெட்டி, வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள். யோகலிங்கம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். கடும் சிவப்பாகக் குழாய் நிரம்பியது. இத்தனைக்குப் பிறகும் அவருக்கு அது வியப்பாகவே இருந்தது. எவ்வளவு கொஞ்சம், அதற்குள் எவ்வளவு தெரிந்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் கம்பனியின் மெஷின் ஒவ்வொருவராகச் சரி என்று சொல்லி அனுப்பியது. பார்த்து முடிந்தவர்கள் சுருட்டிய கையை இறக்கியபடி வந்தார்கள். டொக்டர் கதிரையைக் காட்டி வாங்கோ என்றார். ஒருவர் கப்பலைப் பார்த்தார், ஒருவர் செருப்பைப் பார்த்தார், நடையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

அபூதாஹிர் கடைசியாக வந்தார். பிடரியைத் தடவிய கையை யோகலிங்கத்தைக் கண்டதும் கீழே விட்டார்.

“புள்ளைகள்ற படிப்பு இன்னம் முடியல்ல, மச்சான்” என்றார்.

“தெரியும். நீ போ.”

அபூதாஹிர் கிரேனை நோக்கி நடந்தார். டொக்டர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, ஒரு குழாயைச் சீட்டு ஒட்டி வைத்தார். மற்ற எல்லாவற்றையும் வெறுமையாகவே ஐஸ்பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினார். வெயில் ஏறிவிட்டது. கப்பலுக்குப் போகிற அத்தனை பேரும், அந்த வெக்கையிலும், சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.